மூன்று தடவை கழுவிய கேன்

உங்கள் ஸ்டேஷன் காப்பி பரவாயில்லை, இன்ஸ்பெக்டரம்மா. பால்தான் டின் பால். காப்பியை மட்டும் நான் யாரிடமும் வேண்டாம் என்று சொன்னதில்லை. ஒரு நாளைக்கு ஐந்து தடவை குடிப்பேன். சாவு வீட்டில் கொடுத்தால்கூட வாங்கிக் குடித்துவிட்டுத்தான் அழ உட்காருவேன். பெயர் நல்லம்மாள், வயது அறுபத்தொன்று, எழுதிக்கொள்ளுங்கள். கிள்ளானுக்கு வெளியே, பெரிய மின்கம்பிகளுக்கு அடியில் மாடு வளர்க்கிறேன்.

பக்கத்துத் தோட்டம் பரமேஸ்வரனுடையது. கீரையும் வெண்டைக்காயும் போட்டுப் பாசாருக்கு விற்கக் கொண்டு போகிறான். ஒன்பது வருஷம் எங்களுக்குள் ஒரு சொல் தடித்ததில்லை. என் மாட்டுச் சாணத்தை மக்க வைத்து அவன் பாத்திக்குக் கொடுப்பேன். அவன் கழித்துப்போடும் கீரைத்தண்டும் முற்றின வெண்டைக்காயும் என் மாடுகளுக்கு வரும். இரண்டு பக்கமும் குப்பை என்று எதுவும் மிஞ்சாது.

மருந்துக் கேன்தான் மிஞ்சும். பூச்சிமருந்து தீர்ந்ததும் கேனின் உள்ளே மூன்று தடவை அலச வேண்டும், அலசின தண்ணீரை மருந்தடிக்கும் டேங்கிலேயே ஊற்ற வேண்டும், யாரும் திரும்ப எடுத்துப் புழங்காதபடி அடியில் ஓட்டை போட்டுப் பழைய சாமான் எடுக்கிற இடத்தில் கொடுக்க வேண்டும். விவசாய இலாகாக்காரர்கள் வந்து எங்கள் இரண்டு பேரையும் நிற்க வைத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். பரமேஸ்வரன் நன்றாகத் தலையாட்டினான். அவர்கள் வண்டி திரும்பியதும் கேன்களை அப்படியே வாய்க்காலில் வீசினான். என் மாடுகள் தண்ணீர் குடிக்கிற வாய்க்கால்.

முதலில் சிவப்பி விழுந்தாள். வாயெல்லாம் நுரை, கால்கள் இழுத்துக்கொண்டன. அடுத்து மூக்கி. அதற்கும் அடுத்து சிவப்பியின் கன்று, பதினோரு மாதம். மூன்றையும் ஒரே வாரத்தில் குழி தோண்டிப் புதைத்தேன். வேலியோரம் போய் நின்று கத்தினேன்.

"கழுவிட்டுத்தான்க்கா போட்டேன். மூணு தடவை. வேணும்னா அதுல தண்ணி பிடிச்சு நானே குடிச்சுக் காட்டவா? சும்மா என் மேல பழி போடாதீங்க லா."

சிரித்துக்கொண்டே சொன்னான். புகார் கொடுத்தேன். ஒருவர் வந்து வாய்க்காலைப் படம் எடுத்துக்கொண்டு போனார், அத்தோடு சரி. மூடியோடு மிதந்த ஒரு கேனை எடுத்துவந்து கொட்டகையில் வைத்தேன். சாட்சிக்கு இருக்கட்டும் என்றுதான் வைத்தேன்.

போன மாதம் நான்கு நாள் குழாயில் தண்ணீர் வராமல் போனதே, அப்போது அவன் மனைவி அமுதவள்ளி வேலிக்கு வந்தாள். அவள்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. சிவப்பி செத்த அன்று அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு என்னோடு சேற்றில் உட்கார்ந்திருந்தவள்.

"அக்கா, தண்ணி லோரி வருதாம். வீட்டுல ஏனமே பத்தல. ஒரு கேன் இருந்தா குடுங்கக்கா."

"இரும்மா, கழுவித் தரேன்," என்றேன்.

தேங்காய் நாரில் மணலைத் தொட்டு அந்தக் கேனைத் தேய்த்தேன். மண்டையோட்டுப் படம் போட்ட தாள் கடைசித் துணுக்குவரை உரிந்து வந்தது. ஒரு தடவை இல்லை, மூன்று தடவை கழுவினேன். ஒரு வீட்டுக்குப் போகிற பொருளை அழுக்காகவா கொடுப்பேன்?

உள்ளே கழுவினாயா என்கிறீர்கள். உள்ளே நான் கழுவவில்லை. உள்ளேதான் பரமேஸ்வரன் மூன்று தடவை கழுவியிருந்தானே. அவன் வாயால் சொன்னதை நான் நம்பக்கூடாதா? அடியில் ஏதோ தளும்பியது. நான் கழுவின தண்ணீர் என்று நினைத்து அமுதவள்ளி அதைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டுத்தான் லோரியில் பிடித்தாள். வாடை வந்திருக்குமே என்கிறீர்கள். எங்கள் பக்கத்துக் காற்றே மருந்து வாடைதான்.

மறுநாள் மத்தியானம் வழக்கம்போல் பால் கொண்டுபோனேன். பரமேஸ்வரன் பாசாரில் இருந்தான். அவனுக்குக் காப்பி, சாப்பாடு எல்லாம் கடையில்தான். அது எனக்கு ஒன்பது வருஷமாகத் தெரியும். அமுதவள்ளி அந்தக் கேனைச் சாய்த்துக் கேத்தலில் தண்ணீர் பிடித்தாள்.

"நல்லா கொதிக்க வச்சுக் குடிம்மா," என்றேன். கொதிக்க வைத்தாலும் மருந்து போகாது என்று இலாகாக்காரர்கள் சொன்னது ஞாபகம் இருந்தது.

என் மாட்டுப் பாலை ஊற்றி இரண்டு கப் கலந்தாள். ஒன்றை என் பக்கம் நகர்த்தினாள். மற்றதை என் எதிரிலேயே உட்கார்ந்து குடித்து முடித்தாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டாம் நாள் ஆஸ்பத்திரியில் போய்விட்டாள். பரமேஸ்வரன் தரையில் புரண்டு கத்தினான். நான் என் மாடுகளைப் புதைத்துவிட்டு வேலியோரம் நின்று கத்தினேனே, அதே குரல். அவன் உண்மை சொல்லியிருந்தால் அவள் இன்றைக்கு இருந்திருப்பாள். அவளைக் கொன்றது அவனுடைய பொய். நான் வெறும் கேனைத்தான் கொடுத்தேன்.

கேன் சுத்தம் என்று நம்பியிருந்தால் உன் கப்பை ஏன் தொடவில்லை என்கிறீர்கள். இதில் என்ன இருக்கிறது, இன்ஸ்பெக்டரம்மா. அன்றைக்கு எனக்குக் காப்பி வேண்டாம்போல் இருந்தது, அவ்வளவுதான். இந்தக் கப்பில் இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்லுங்கள்.