பெரியக்கா வாசலுக்குப் போனாள்

ஓடுகிறோம். சோளக்காட்டுக்குள். தட்டை ஆள் உயரம். இலை முகத்தை அறுக்கிறது. அம்மா முன்னால். நான் பின்னால். காலில் செருப்பில்லை. உடம்பில் பள்ளிக்கூடச் சீருடை. அரைப் பரீட்சை எழுதிவிட்டு அப்போதுதான் வீட்டுக்குள் நுழைந்திருந்தேன்.

பின்னால் சத்தம். முதலில் ஓடு உடைகிற சத்தம். பிறகு கூரை தீப்பிடித்துக்கொள்ளும் சத்தம். காய்ந்த தென்னங்கீற்று படபடவென்று வெடிக்கிறது. அதற்கும் மேலே ஒரு மாட்டின் கதறல்.

"ஏலே, கரட்டுப் பக்கம் போகாதீங்க! அங்கிட்டும் நிக்கிறாய்ங்க!"

யாரோ கத்துகிறார். ஆள் தெரியவில்லை. அம்மா சட்டென்று திரும்புகிறாள். தண்டவாளத்தை நோக்கி ஓடுகிறோம். கரூர் பக்கமிருந்து ரயில் ஊதுகிறது. நல்ல மத்தியானம். தலைக்கு மேல் வெயில். வெயிலுக்கு நடுவே கரும்புகை.

அப்பா எங்களோடு வரவில்லை. மாட்டை அவிழ்த்துவிட்டுப் பின்னாலேயே வருவதாகச் சொன்னார்.

என் பெயர் சாந்தி. அப்போது எனக்குப் பதினாலு வயது. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மார்கழி மாதம். அகரத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். ஊர் என்று பழக்கத்தில் சொல்கிறேன். நாங்கள் இருந்தது காலனி. ஊருக்கும் காலனிக்கும் நடுவில் ஒரு வாய்க்கால். ஊர்க்காரர்கள் காட்டில் பூ எடுப்போம், களை எடுப்போம். வாய்க்காலைத் தாண்டி வீடு திரும்புவோம்.

அன்று நடந்ததைப் பிறகு கலவரம் என்று எழுதினார்கள். கலவரம் என்றால் இரண்டு பக்கமும் அடித்துக்கொள்வது. நாங்கள் ஓட மட்டும்தான் செய்தோம். அதனால்தான் இதைச் சொல்கிறேன்.

நாங்கள் மூன்று பெண்கள். மூத்தவள் முத்துலட்சுமி. பெரியக்கா. பழனிப் பக்கம் ஆயக்குடியில் கட்டிக்கொடுத்திருந்தோம். மாமா கொய்யாத் தோப்பில் காய் பறித்துச் சந்தைக்குக் கொண்டுபோகிறவர். அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை, பவானி. அப்போதுதான் பேச்சு வந்திருந்தது. நடுவில் கலா. வேடசந்தூர் பக்கம் நூல் மில்லில் வேலை. சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருக்கும். நான்தான் எடுத்துவிடுவேன். பெரியக்காவுக்கும் கலாவுக்கும் ஒரே முகம். ஒரே மூக்கு. ஒரே நடை. தெருவில் ஒருத்தியைக் கூப்பிட்டால் மற்றவள் திரும்புவாள்.

கலா விரும்பியது மில் பஸ் ஓட்டிய சேகரை. அவன் வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து ஆள். ஊரில் தோட்டமும் கிணறும் உள்ள வீட்டுப் பிள்ளை. ஒரே பாயில் படுப்போம் என்பதால் கலா என்னிடம் மட்டும் சொன்னாள். தீபாவளிக்கு வந்த பெரியக்கா, யாரும் சொல்லாமலே கண்டுபிடித்தாள். கலாவைத் தனியாகக் கூட்டிப்போனாள். நானும் பின்னால் போனேன்.

"வேணாம்டி. அவுக நம்மள உசுரோட விடமாட்டாக."

"அவரு அப்புடி இல்லக்கா."

"நான் அவரச் சொல்லல. அவுகளச் சொல்றேன்."

கலா நகத்தால் சுவரைச் சுரண்டிக்கொண்டு நின்றாள். மார்கழி பிறந்த வாரத்தில் வேலைக்குப் போனவள் திரும்பவில்லை. மில் பஸ்ஸை வேறு யாரோ ஓட்டி வந்தார்கள். எங்கோ ஒரு கோயிலில் தாலி கட்டிக்கொண்டதாகச் சேதி வந்தது. அப்பா சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். இரண்டு நாள் ஊர் அமைதியாக இருந்தது. மூன்றாம் நாள் மத்தியானம் வாய்க்காலைத் தாண்டி வந்தார்கள்.

தண்டவாளத்தைக் கடந்து மெயின்ரோட்டுக்கு வருகிறோம். ஒரு லாரிக்காரர் நிறுத்துகிறார். எதுவும் கேட்கவில்லை. புகையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், ஏறச் சொன்னார். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டு டிக்கெட்டுக்கும் காசு கொடுத்தார். எங்களுக்குப் போக இன்னொரு வீடு இருந்தது. ஒன்றே ஒன்று. பழனி பஸ்ஸில் ஏறினோம். அம்மா வழி முழுக்க உதட்டை அசைத்துக்கொண்டே வந்தாள். குரல் வரவில்லை.

பொழுது சாயும்போது ஆயக்குடி. பெரியக்கா கதவைத் திறந்தாள். அவள் முதுகுக்குப் பின்னால் கலா நின்றாள்.

அம்மா கலாவை அறைந்தாள். இரண்டு கன்னத்திலும். பிறகு அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கலாவின் கழுத்தில் புது மஞ்சள் கயிறு. சேகரும் அங்கேதான் தங்கியிருந்தானாம். திருப்பூரில் ஒரு சிநேகிதனுக்குப் போன் போடக் காலையில் பழனிக்குப் போயிருக்கிறான். இன்னும் வரவில்லை.

அம்மா நடந்ததைச் சொல்லி முடித்தாள். பெரியக்கா உடனே சொன்னாள்.

"இங்கனயும் வருவாய்ங்க. நம்மளுக்கு வேற போக்கிடம் இல்லன்னு அவுகளுக்குத் தெரியும். நீ இப்பவே பஸ் ஏறு."

"அவரு வந்துருவாருக்கா. செத்த நேரம் பொறு."

பெரியக்கா திரும்பத் திரும்பச் சொன்னாள். மாமாவும் சொன்னார். செத்த நேரம், செத்த நேரம் என்றே கலா அந்த இரவைக் கடத்தினாள். விடிவதற்கு முன்னால் மாமா கொய்யாக் கூடைகளோடு ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் கிளம்பவேண்டியிருந்தது. மத்தியானத்துக்குள் வந்து கலாவைத் தானே திருப்பூரில் கொண்டுபோய் விடுவதாகச் சொல்லிப் போனார்.

விடிகிறது. பனி. தோப்பு தெரியவில்லை. டீசல் வேனின் சத்தம். தெருமுனையில் திணறி, கியர் மாற்றி, எங்கள் பக்கம் வருகிறது. நிற்கிறது. என்ஜினை அணைக்கவில்லை.

பெரியக்கா ஜன்னல் இடுக்கில் பார்த்தாள். நானும் பார்த்தேன். முன் சீட்டில் சேகர். உதடு வீங்கியிருந்தது. சட்டையில் பொத்தான் இல்லை. பக்கத்தில் ஒரு பெரிய மனிதர். சேகரின் தாய்மாமன் என்று பிறகு தெரிந்தது. ஒட்டன்சத்திரம் தாண்டி அவர்கள் ஊர். வேனில் இருந்த மற்றவர்களும் அவருடைய ஆட்கள்தான். எங்கள் முகம் எதையும் அவர்கள் பார்த்ததில்லை. அடையாளம் காட்டத்தான் சேகர்.

கலாவும் அவனைப் பார்த்துவிட்டாள். வாசலுக்குப் பாய்ந்தாள். பெரியக்கா அவள் தலைமுடியைப் பிடித்து இழுத்தாள். அவ்வளவு பலம் அவளுக்கு இருந்தது என்று எனக்கு அதுவரை தெரியாது. பின்கதவைத் திறந்து தோப்புக்குள் தள்ளினாள்.

"ஓடு. திரும்பிப் பாக்காத. என் புள்ள மேல சத்தியம்."

கலா பனிக்குள் மறைந்தாள். பெரியக்கா கதவைச் சாத்தினாள். தூங்கிக்கொண்டிருந்த பவானியைத் தூக்கி என் இடுப்பில் வைத்தாள். முந்தானையை இழுத்துச் சொருகினாள். முன்கதவு இடிபட்டது. அவளே போய்த் திறந்தாள்.

"கலா யாரு?"

"நாந்தேன்."

நானும் அம்மாவும் அடுப்புப் பக்கம் நின்றோம். அம்மா என் கையைப் பிடித்திருந்தாள். அந்தப் பெரிய மனிதர் பெரியக்காவை மேலும் கீழும் பார்த்தார். சேகரை வேனிலிருந்து இறக்கச் சொன்னார். இரண்டு பேர் அவனைப் பிடித்துக் கொண்டுவந்தார்கள்.

"ஏன்டா மாப்ள, இவதானா?"

சேகர் பெரியக்காவைப் பார்த்தான். இரண்டு நாள் அவள் கையால் சாப்பிட்டவன். அவள் அவனையே பார்த்தாள். கண்ணைக்கூட இமைக்கவில்லை.

"ஆமா," என்றான்.

அம்மாவின் வாய் திறந்தது. இவள் கலா இல்லை என்று சொல்லவேண்டும். சொன்னால் தோப்புக்குள் போவார்கள். சொல்லாவிட்டால் இவளைக் கொண்டுபோவார்கள். அவள் வாய் திறந்தது திறந்தபடியே இருந்தது. சத்தம் வரவில்லை. இன்றுவரை எனக்கு அந்த வாய்தான் தெரிகிறது.

பவானி முழித்துக்கொண்டாள். தாயைப் பார்த்துக் கை நீட்டினாள். அவள் முகத்தை என் தோளில் அழுத்தினேன். "ம்மா" என்ற சத்தம் என் சட்டைக்குள்ளேயே போனது. பெரியக்கா எங்கள் பக்கம் ஒருமுறைகூடத் திரும்பவில்லை. திரும்பினால் பிள்ளை அழும். தானாகவே நடந்து போய் வேனில் ஏறினாள். கதவு சாத்துகிற சத்தம். வேன் புறப்படுகிற சத்தம். தெருவில் ஒரு வீடும் திறக்கவில்லை.

மத்தியானம் மாமா வந்தார். ஸ்டேஷனுக்கு ஓடினார். எங்கள் எல்லை இல்லை என்று வேறு ஸ்டேஷனுக்கு அனுப்பினார்கள். அங்கேயும் உட்காரவைத்தார்கள். காணாமல் போனது கலாவா முத்துலட்சுமியா என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அடுத்த வாரம் கைவிடப்பட்ட ஒரு கல்குவாரியில், தேங்கிய தண்ணீரில் பெரியக்கா கிடைத்தாள். செத்தது கலா என்றே பேப்பரில் வந்தது. மாமா மெட்டியைப் பார்த்து, இது என் பெண்டாட்டி என்று சொன்னார். கொன்றவர்களுக்கும் அன்றுதான் தெரிந்திருக்கும்.

அதற்குப் பிறகு அவர்கள் கலாவைத் தேடவில்லை. வழக்கு வந்துவிட்டது. சேகரையும் மீட்டாகிவிட்டது. அவர்களைப் பொறுத்தவரை வேலை முடிந்துவிட்டது.

வழக்கு வருடக்கணக்கில் நடந்தது. திண்டுக்கல் கோர்ட்டில் நான் கூண்டில் ஏறினபோது பள்ளிக்கூடத்துப் பிள்ளை இல்லை. வளர்ந்திருந்தேன். பனிமூட்டத்தில் முகம் எப்படித் தெரிந்தது என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார். கையெட்டும் தூரத்தில் பனி ஏது என்றேன். சேகர் வந்தான். தான் எந்த வேனிலும் ஏறவில்லை, ஆயக்குடிக்கே போனதில்லை என்று சொன்னான். ஆயக்குடித் தெருவில் ஒருவரும் ஒன்றும் பார்த்திருக்கவில்லை. எல்லோரையும் விட்டுவிட்டார்கள்.

வெளியே வேப்பமரத்தடியில் சேகர் தனியாக நின்றான். நான் அவன் முன்னால் போய் நின்றேன். அதுவரை கேட்க நினைத்ததைக் கேட்டேன்.

"எதுக்கு அன்னைக்கி ஆமான்னு சொன்னீங்க?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"கலா நல்லா இருக்காளா?" என்றான்.

அதற்குள் அவனுடைய தாய்மாமன் கூப்பிட்டார். போய்விட்டான். கலாவைக் காப்பாற்ற ஆமா என்றானா, அடிக்குப் பயந்து சொன்னானா, இரண்டுமா, எனக்குத் தெரியாது. இப்போது அவனுக்குக் கல்யாணமாகிப் பிள்ளைகள் இருக்கிறார்கள். சொந்தமாக லாரி ஓட்டுகிறான்.

நான் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிப் போகவில்லை. பவானி என் இடுப்பை விட்டு இறங்கவில்லை. வயது வந்ததும் மாமாவுக்கே என்னைக் கட்டிவைத்தார்கள். பிள்ளையை வேறு யாரை நம்பி விடுவது என்றாள் அம்மா. மாமா என் முகத்தைப் பார்க்காமல் தாலி கட்டினார். நல்ல மனிதர். கூடை தூக்கித் தூக்கித் தோள் காய்த்துப்போனவர். இன்றைக்கும் என்னைச் சில நேரம் முத்து என்று கூப்பிட்டுவிடுவார். நான் என்ன வேணும் என்று கேட்பேன். திருத்துவதில்லை.

கலா திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறாள். வேறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா செத்தபோது ஒருமுறை வந்தாள். பவானிக்கு அப்போது பதினோரு வயதிருக்கும். தாய் முகம் அவளுக்கு நினைவில் இல்லை. போட்டோவும் இல்லை. கலா உள்ளே நுழைந்ததும் கிழவிகள் சிலர், உன் அம்மா இப்படித்தான் இருப்பாள் என்று சொல்லிவிட்டார்கள். பவானி கலாவின் எதிரில் போய் உட்கார்ந்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். கலாவால் தாங்க முடியவில்லை. சாயங்கால பஸ்ஸிலேயே கிளம்பிவிட்டாள். பிறகு வரவேயில்லை.

இனி, போனவை.

எங்கள் வரிசையில் ஒரு கூரையும் மிஞ்சவில்லை. அப்பா அவிழ்க்கப் போன மாடு கயிற்றோடு எரிந்தது. அப்பாவின் வலது கையை மணிக்கட்டில் முறித்தார்கள். அந்தக் கை அதற்குப் பிறகு மண்வெட்டியைப் பிடிக்கவில்லை. மகள் இருக்குமிடம் தெரியாது என்று அவர் சொன்னது உண்மை. அவர்கள் நம்பவில்லை. கிழக்கு வீட்டுச் செபஸ்தியார் தாத்தா ஓட முடியாமல் புகையிலேயே போனார். என் ஒன்பதாம் வகுப்பு போனது. அம்மாவின் பேச்சு போனது. அன்று காலைக்குப் பிறகு, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறவளாகவே இருந்து செத்தாள். பெரியக்கா முத்துலட்சுமி போனாள். அவளுக்கு இருபத்துநாலு வயது.

இதை எழுதப்போகிறேன் என்று போனில் கலாவிடம் சொன்னேன். யார் யாரை எழுதப்போகிறாய் என்று கேட்டாள். சொன்னேன். அவள் பக்கம் தையல் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"என்னையும் அதுல சேத்துக்க," என்றாள்.

சேர்த்துக்கொண்டேன். கலா. போனபோது வயது பத்தொன்பது.