இரண்டு குரலையும் நானே பாடினேன்

பெயர் சண்முகத்தாய், வயது 32, கணவர் பெயர் சோணைமுத்து, விலாசம் செட்டியார்பட்டி தெற்குத் தெரு. 1993ஆம் வருடம் ஆகஸ்ட் மாதம் 22ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இராஜபாளையம் அரசு ஆஸ்பத்திரியில் வைத்து சார்பு ஆய்வாளர் அவர்கள் விசாரிக்கச் சொன்னதாவது:

நான் மேற்படி விலாசத்தில் குடியிருந்து வருகிறேன். நானும் என் கணவரும் மெல்லிசைக் குழுவில் பாடுகிறவர்கள். எங்கள் குழுவில் தபேலா வாசிப்பவர் ஸ்ரீவில்லிபுத்தூர் அய்யூப். தென்காசி ரோட்டில் புதிதாகத் திறந்த லாட்ஜில், ஞாயிற்றுக்கிழமைதோறும் காலைப் பலகாரமும் மத்தியானச் சாப்பாடும் ஒன்றாக வைத்து, வருகிறவர்கள் தாங்களே தட்டில் எடுத்துப் போட்டுச் சாப்பிடும்படி பஃபே விருந்து நடத்துகிறார்கள். சாப்பிடுகிறவர்களுக்குப் பாட்டுப் பாட எங்களைப் பேசியிருந்தார்கள். இன்று காலை நாங்கள் அங்கே போனபோது மேனேஜர் மாரிச்சாமி, விருந்தாளிகள் சாப்பிட்டு முடிந்த பிறகுதான் பாட்டுக்காரர்கள் சாப்பிட வேண்டும் என்று சொன்னார். நாங்கள் வீட்டிலும் ஒன்றும் சாப்பிடாமல் பஸ் ஏறியிருந்தோம்.

அதன் பின்பு பத்து மணி வாக்கில் பாட ஆரம்பித்தோம். எங்கள் மேடைக்குப் பக்கத்திலேயே அடுப்பு வைத்து, ஆட்கள் கேட்கக் கேட்க உருளைக்கிழங்கு போண்டா போட்டுக் கொடுத்தார்கள். ஆறேழு பாட்டு முடிந்து நான் தனியாகப் பாடிக்கொண்டிருந்த சமயம், என் கணவர் தட்டில் ஆறிக் கிடந்த போண்டா ஒன்றை எடுத்து, திரும்பி நின்று வாயில் வைத்தார். முன் மேஜையில் தன் கூட்டாளிகளுடன் உட்கார்ந்திருந்த பஞ்சு புரோக்கர் கருத்தப்பாண்டி அதைப் பார்த்துவிட்டார். அவர் எழுந்து வந்து என் கையில் இருந்த மைக்கைப் பிடுங்கி, "பாட்டுக்காரருக்குப் பசியாம்ல, ஆறுனது எதுக்குல, சூடாத் தின்னு" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். என் கணவர் வாயைத் துடைத்துக்கொண்டு, "தெரியாம எடுத்துட்டேன் அண்ணாச்சி" என்று கும்பிட்டார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள்.

அதன் பின்பு கருத்தப்பாண்டியின் கூட்டாளிகள் இரண்டு பேர் என் கணவரின் கைகளைப் பின்னால் மடக்கிப் பிடித்துக்கொண்டார்கள். கருத்தப்பாண்டி எண்ணெயில் கிடந்த போண்டா ஒன்றைக் கரண்டியோடு எடுத்து, அவர் தாடையை அமுக்கி முழுசாக வாய்க்குள் தள்ளி, உள்ளங்கையால் வாயைப் பொத்தி, "முழுங்குத வரைக்கும் விடாதீக" என்றார். என் கணவர் காலை உதைத்தார். நான் கருத்தப்பாண்டியின் கையைப் பிடித்து இழுத்தேன். அவர் என்னைத் தள்ளிவிட்டார். என் கணவர் முழுங்கியதும் கையை எடுத்தார்கள். சில பேர் கைதட்டினார்கள். ஒரு அம்மா தன் பிள்ளையின் முகத்தை வேறு பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு தொடர்ந்து சாப்பிட்டார்.

அதன் பின்பு என் கணவர் தண்ணீர் குடித்தார். அது மூக்கு வழியாக வந்தது. பேசப் பார்த்தார், குரல் வரவில்லை. மேனேஜர் மாரிச்சாமி அவரைச் சமையல்கட்டுக்குப் பின்னால் உள்ள ஸ்டோர் ரூமில் கொண்டுபோய் உட்கார வைத்து, வெளியே பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார். நான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன் என்று அழுதேன். அதற்கு அவர், "நாக்குதானம்மா வெந்திருக்கு, ஐஸ் கொடுத்திருக்கேன், செத்த நேரத்தில சரியாப்போகும். இந்தக் கோலத்தில அவரை ஹால் வழியாக் கூட்டிட்டுப் போனா வந்தவுக என்ன நினைப்பாக? நீ போய்ப் பாடு. பாடி முடிச்சாத்தான் சாவி" என்றார்.

நான் போய்ப் பாடினேன். ஒரு பாட்டு முடிந்ததும் கருத்தப்பாண்டி, ஆணும் பெண்ணுமாகப் பாடுகிற பாட்டுத்தான் வேண்டும் என்றார். என் கணவர் இல்லையே என்று நான் சொன்னதற்கு, "ரெண்டு குரலையும் நீயே பாடு" என்றார். பாட்டு மேல் பாட்டாக, என் கணவர் பாட வேண்டிய இடங்களையும் நானே பாடினேன். அய்யூப் பாதியில் எழுந்துபோய் ஸ்டோர் ரூம் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு ஓடிவந்து, "அக்கா, எச்சியக்கூட முழுங்க முடியாம வழிய விட்டுக்கிட்டு உக்காந்திருக்காக, மூச்சு விசிலடிக்குது" என்றார். அவர் கதவை உடைக்கப் போனபோது மாரிச்சாமியும் சர்வர்களும் அவரைப் பிடித்துக்கொண்டார்கள். முன் மேஜையில் அப்போது பாயாசம் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். இன்னும் இரண்டு பாட்டு பாடச் சொன்னார்கள். பாடினேன்.

அதன் பின்பு ஆட்கள் எழுந்து கை கழுவப் போனதும் மாரிச்சாமி கதவைத் திறந்தார். என் கணவர் அரிசி மூட்டையைப் பிடித்தபடி முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தார். உதடு நீலமாக இருந்தது. என்னைப் பார்த்துத் தொண்டையைக் காட்டினார். நானும் அய்யூப்பும் ஆட்டோவில் ஏற்றினோம். பஸ் ஸ்டாண்டு தாண்டும்வரை என் கையை இறுக்கிப் பிடித்திருந்தார், பிறகு விட்டுவிட்டார். ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்துவிட்டு, தொண்டை உள்ளே வீங்கி மூச்சு அடைத்துவிட்டது, உயிர் இல்லை என்றார்.

அதன் பின்பு மாரிச்சாமி ஆஸ்பத்திரி வராண்டாவுக்கு வந்து, பசி அவசரத்தில் அவரே முழுங்கிவிட்டதாகச் சொல்லும்படி என்னிடம் சொன்னார். அவராக முழுங்கவில்லை. சாப்பிட வந்த அத்தனை பேரும் பார்த்தார்கள்.

சூடு பட்டு எவ்வளவு நேரமாச்சு என்று டாக்டர் கேட்டார். ரெண்டு மணி நேரம் இருக்கும் என்றேன். "அம்புட்டு நேரம் என்னம்மா பண்ணிக்கிட்டிருந்த?" என்று கேட்டார். பாடிக்கொண்டிருந்தேன் என்று சொன்னேன்.

இதை எழுதிய அய்யா எனக்கு வாசித்துக் காட்டினார். நான் சொன்னது சொன்னபடி இருக்கிறது, கூட்டியும் குறைத்தும் எதுவும் இல்லை, எல்லாம் உண்மை.

(ஒப்பம்) சோ. சண்முகத்தாய்