இருவருக்கும் பொருந்தும் கூடு

மணவாழ்க்கைக்கு விலை போட முடியாது என்கிறார்கள். எங்களுடையதற்கு நாற்பத்திரண்டு டாலர் ஆயிற்று. எங்களோடு போட்டியில் சுடும் மெர்ல், தன் பழைய அச்சுக்கு ஐம்பது சொன்னான். அச்சின் ஓரத்துத் துருவைக் காட்டி எட்டு குறைத்தேன்.

போட்டிக் குழு சார்பில் என்னை விசாரிக்கும் நீங்கள் மூவரும் துப்பாக்கி பிடித்தவர்கள்தான். இருந்தாலும் பதிவில் இருக்கட்டும். சுட்டதும் தோட்டாவின் பித்தளைக் கூடு உப்பி, அந்தத் துப்பாக்கியின் வயிற்றளவுக்கு, தோட்டா உட்காரும் அறையின் அளவுக்கு, வந்துவிடும். மறுபடி மருந்து நிரப்பினால் அதில் மட்டும்தான் கச்சிதமாக உட்காரும். என் மனைவி நோரீன், குண்டைப் பிடிக்கும் அளவுக்குக் கூட்டின் வாயைச் சற்று இறுக்குவாள், உடம்பைத் தொடமாட்டாள். இருபது கூடுகளை ஆறு வருடம் அப்படி வளர்த்திருந்தாள்.

"என் கூட்டுல கை வச்சே, டுவைன், அப்புறம் சாப்பாட்டுக்கு உங்கம்மா வீட்டுக்குத்தான் போகணும்" என்பாள்.

மெர்லிடம் நான் வாங்கிய அச்சு, கூட்டின் முழு உடம்பையும் நெரித்துத் தொழிற்சாலை அளவுக்குக் கொண்டுவருவது. எங்கள் இரண்டு துப்பாக்கியும் ஒரே ரகம். கணவனும் மனைவியும் ஒரே பெட்டியிலிருந்து எடுத்துச் சுடுவது. திருமண நாளுக்கு இதைவிட நல்ல பரிசு உண்டா? அன்றைக்கே மொன்டானா மாநிலப் போட்டியின் இறுதிச் சுற்று வந்தது தற்செயல். அவள் முதலிடத்திலும் நான் பதினொன்றாம் இடத்திலும் இருந்ததும் தற்செயல்தான்.

அன்று காலையில் அவள் காப்பி வாங்கப் போனாள். நான் அவளுடைய ஒவ்வொரு காலிக் கூட்டுக்கும் கம்பளி மெழுகு தடவினேன். தடவாமல் நுழைத்தால் அச்சுக்குள் சிக்கி நாசமாகிவிடும்; அவள் பொருளை நான் நாசமாக்குவேனா? இருபதும் வெண்ணெய்போல் இறங்கின. அச்சை அரைச் சுற்று கூடுதலாகவே இறக்கி, கூடுகளை இன்னும் கொஞ்சம் ஒடுக்கியிருந்தேன். பரிசில் கஞ்சத்தனம் கூடாது. கூட்டை அளக்கும் அவளுடைய கருவியை, துடைத்து வைக்கலாமென்று முந்தின நாளே எடுத்து, வண்டி இருக்கைக்கு அடியில் பத்திரப்படுத்தியிருந்தேன். திரும்பி வந்தவள் அளக்காமலே மருந்து நிரப்பிக் குண்டு பொருத்தினாள்.

ஒரே ஓட்டையில் விழும் அவள் குண்டுகள் அன்று ஆளுக்கொரு திசை பார்த்துப் போயின. ஐந்தாவதில் கூடு இடுப்போடு பிளந்து முகத்தில் புகை அடித்தது. வலது புருவம் போயிற்று. புருவம் முளைக்கும். கண்ணாடி போட்டிருந்தாள், அதை வாங்கிக் கொடுத்தவனும் நான்தான்.

பிளந்த கூட்டைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள்.

"சுருக்கிட்டியா?"

"நம்ம ரெண்டு பேருக்கும் பொருந்தட்டும்னுதான், நோரீன்."

"அப்போ உன்னோடதையும் சுருக்கியிருப்பியே. எங்கே, காட்டு."

பக்கத்து மேசையிலிருந்து மெர்ல் சொன்னான்: "டேய், அந்த அச்சை ஓசில குடுத்தாக்கூட நான் திருப்பி எடுக்க மாட்டேன்."

நோரீன் அவனுடைய வண்டியில் ஏறி, தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். பட்டியலில் அவள் பெயர் கீழே போனதால் எனக்குப் பத்தாம் இடம்.

கணக்கு இதுதான். அவளுடைய கூடுகள் இருபது, சுருக்கியவை இருபது. என்னுடையவை இருபது, பூட்டிய பெட்டியில் தொடாமல் இருக்கின்றன. அவற்றை எப்படிச் சுருக்குவது? என் துப்பாக்கிக்கு அவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியவை.