ஆறு மணிக்கு முந்தைய நிமிடம்

எங்கள் வானொலி நிலையத்தின் மூத்த அறிவிப்பாளரே! ஊர் விழிக்கும் முன் எழுந்து ஊருக்கு மணி சொன்னவரே! சின்னவர் பெரியவர் பார்க்காமல் இந்த நிலையமே நிமிஷக்கா என்று கூப்பிடும் அன்பு அக்காவே, வணக்கம்.

இந்த மடலைப் படிக்கத் தொடங்கும்போது உங்கள் பணிக்காலத்தில் இன்னும் ஒன்பது நிமிடங்கள் மிச்சம் இருக்கின்றன. மாலை ஐந்து மணிக்கு நீங்கள் ஓய்வு பெறுகிறீர்கள். நேரம் பார்த்துத்தான் எழுந்து வந்தேன். ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

இதை எழுதும் வேலை, கட்டுப்பாட்டு அறையில் ஒலி அளவு பார்க்கும் என்னிடம் எப்படியோ வந்து சேர்ந்தது. "காலத்தை வென்ற கலைமகளேன்னு ஆரம்பிம்மா, கைதட்டு அள்ளிடும்" என்றார் கணக்குப் பிரிவு அண்ணன். அக்கா அந்த வரியைப் பென்சிலால் அடித்துவிடுவார் என்றேன். "ரிட்டையர் ஆகற அன்னைக்குமா?" என்று கேட்டார். அன்றைக்கும்தான். நான் இயற்பியல் படித்தவள். அடைமொழி எனக்கு வராது. நடந்ததைச் சொல்கிறேன்.

அளவில் கறாரானவரே!

எங்கள் காலை ஒலிபரப்பில் அறிவிப்புகள் முடிந்த பிறகு, ஆறு மணி ஒலிக்கு முன்னால் சரியாக ஒரு நிமிடம் காலியாக இருக்கும். நீங்கள் வருவதற்கு முன் அந்த நிமிடத்தில் ஏதாவது ஒரு வாத்தியம் ஒலித்துக்கொண்டிருந்ததாம். இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் அதை நிறுத்திவிட்டு, நேயர்கள் எழுதி அனுப்பும் கவிதை ஒன்றைப் படிக்கத் தொடங்கினீர்கள். ஒரே ஒரு நிபந்தனை. கவிதையில் ஒரு கடிகாரம் இருக்க வேண்டும். ஏன் என்று கேட்டவர்களிடம், "அடுத்தது மணி ஒலிக்கப்போகுது. மணிக்கு வழி விடற கவிதைதானே வேணும்?" என்றீர்கள்.

முதலில் வந்தவை எல்லாம் நின்றுபோன கடிகாரங்கள். காதல் முறிந்ததும் நின்றது, அப்பா இறந்ததும் நின்றது, யாருமில்லாத வீட்டில் தானாக நின்றது. நீங்கள் எல்லாவற்றையும் திருப்பி அனுப்பினீர்கள். கோபமாகத் தொலைபேசியில் கூப்பிட்ட ஒரு கவிஞருக்கு நீங்கள் சொன்ன பதில் இன்றும் எங்கள் கேன்டீனில் புழங்குகிறது. "நல்லா எழுதியிருக்கீங்க சார். ஆனா பேட்டரி மாத்தினா உங்க கவிதை முடிஞ்சு போயிடுமே!"

அடுத்து இதயத்தோடு சேர்ந்து துடிக்கும் கடிகாரங்கள் வந்தன. பிறகு இளமையைத் திருடும் கடிகாரங்கள். "திருடன் டிக் டிக்னு சத்தம் போட்டுக்கிட்டா வருவான்?" என்று கேட்டு அவற்றையும் ஒதுக்கினீர்கள். வேலை செய்யும் கடிகாரத்தைப் பற்றி எழுதச் சொன்னீர்கள். மெதுவாக அவையும் வந்தன. ஒரு செவிலியர் தன் மார்பில் குத்தியிருக்கும் கடிகாரத்தைப் பற்றி எழுதியிருந்தார். பார்க்கிறவர்களுக்கெல்லாம் தலைகீழ், அவருக்கு மட்டும் நேர். நீச்சல் பயிற்சியாளர் ஒருவர், கட்டைவிரலால் அமுக்கி நொடி அளக்கும் தன் ஸ்டாப்வாட்ச்சைப் பற்றி இரண்டே வரி அனுப்பினார்.

அவள் தண்ணீருக்குள் இருக்கிறாள்.
அவள் மூச்சு என் கட்டைவிரலில்.

அதைப் படித்துவிட்டு மீதி நிமிடம் முழுவதும் தண்ணீர்ச் சத்தத்தை ஓடவிட்டீர்கள். அன்று காலை நான் கல்லூரி விடுதியில் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். குழாயை மூடிவிட்டுக் கேட்டேன். கடிகாரம் என்றால் அளக்கும் கருவி என்று மட்டும் படித்திருந்த எனக்கு, அளக்கிறவரின் விரலும் அதில் இருக்கிறது என்று அன்றுதான் உறைத்தது.

நொடி பிசகாதவரே! ஒரே ஒரு முறை பிசகியவரே!

பாராட்டு மடலில் இதைச் சொல்வார்களா என்று தெரியவில்லை. ஆனால் இதை விட்டுவிட்டு உங்களைப் பாராட்ட எனக்குத் தெரியவில்லை.

போன ஆண்டின் தொடக்கத்தில், ஒரு காலையில், நேயர் ஒருவர் எழுதியது என்று அறிவித்துவிட்டு ஒரு கவிதை படித்தீர்கள்.

எங்கள் வீட்டுக் கடிகாரம்
பத்து நிமிடம் முன்னே ஓடுகிறது.
நான் வேலைக்குப் பிந்தக் கூடாதென்று
அண்ணன் வைத்துவிட்டுப் போன பத்து நிமிடம்.
பொய் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.
ஆனாலும் ஓடினோம்.
இனி எழுப்ப ஆளில்லை.
சரியான மணி வைக்கலாம் என்று
இன்று நாற்காலி போட்டு ஏறினேன்.
முள்ளைத் தொட்டேன்.

அங்கே நின்றீர்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் என் மேசையில் ஒலி அளவு காட்டும் முள் அப்படியே படுத்துவிட்டது. ஒரு நொடி, இரண்டு, மூன்று, நான்கு. வானொலியில் நான்கு நொடி மௌனம் என்பது சாலை நடுவே வண்டி நிற்பது போல. ஐந்தாவது நொடியில் வாயைத் திறந்தீர்கள். அதற்குள் மணி ஆறு. தானியங்கி உங்கள் அறையைத் துண்டித்துவிட்டு மணி ஒலியைப் போட்டுவிட்டது. ஊருக்குக் கேட்டது பீப் சத்தம் மட்டும்தான்.

உங்களை விடிகாலையில் தன் ஸ்கூட்டரில் கொண்டுவந்து விடும் உங்கள் அண்ணன் இறந்து அப்போது ஓராண்டு ஆகியிருந்தது. அந்த நேயர் யார் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை.

ஊர் கேட்டது. அன்று பகல் முழுவதும் தொலைபேசி ஓயவில்லை. கடிகாரத்தைத் திருத்தினாரா, திருத்தாமல் இறங்கினாரா? அழுதபடி திருத்தினார் என்று பாதிப் பேர், தொட்டுவிட்டு இறங்கிவிட்டார் என்று மீதிப் பேர், தாங்களே கடைசி வரி எழுதி அனுப்பினார்கள். நம் ஓட்டுநர் அண்ணன் உங்களிடமே வந்து கெஞ்சினார். "அக்கா, நாலு சுவத்துக்குள்ள சொல்லிடுங்க. எங்க வீட்டுல எனக்கும் என் பொண்டாட்டிக்கும் இதால பேச்சுவார்த்தையே இல்ல."

"நிமிஷம் முடிஞ்சிருச்சு தம்பி."

"நாளைக்குப் படிங்களேன்."

"நாளைக்கு நிமிஷம் நாளைக்குக் கவிதையோடது. அதைப் பிடுங்கி நான் எடுத்துக்கலாமா?"

அத்தோடு சரி. இன்றுவரை நீங்கள் சொல்லவில்லை.

போன மாதம் இயக்குநர் எங்களைக் கூப்பிட்டார். நீங்கள் ஓய்வு பெற்ற மறுநாளிலிருந்து அந்த நிமிடத்தில் பழையபடி வாத்தியம் ஒலிக்கும் என்றார். "மெஷின் போட்டா ஒரு நொடி கூடத் தப்பாது" என்றார். "தப்பாது சார். ஆனா அஞ்சு மணிக்கு எந்திரிச்சு வரவும் வராதே" என்றார் ஓட்டுநர். இயக்குநருக்கே சிரிப்பு வந்துவிட்டது. நேரலையில் உட்கார ஆள் இருந்தால் யோசிக்கலாம் என்றார். அறிவிப்பாளர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவருக்குக் குழந்தையைப் பள்ளிக்குக் கிளப்ப வேண்டும். இன்னொருவருக்கு விடிகாலையில் குரல் எழாது. யாரையும் குறை சொல்ல முடியாது.

"நான் வரேன் சார்" என்றேன்.

"யாரு பேசினது?" என்று இயக்குநர் அறை முழுக்கத் தேடினார்.

"நம்ம கன்ட்ரோல் ரூம் பாப்பா சார்" என்றார் ஓட்டுநர். "டீ வேணுமான்னு கேட்டா, அது சொல்ற பதில் நமக்குக் கேக்க ரெண்டு தடவை ஆகும்."

"ரேடியோல ரெண்டாவது தடவை கிடையாதும்மா."

"தெரியும் சார்."

குரல் தேர்வு வைத்தார்கள். தேறிவிட்டேன். நாளையிலிருந்து ஒரு மாதம் எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு முறை மணியைத் தாண்டினாலும் நிமிடம் வாத்தியத்துக்குப் போய்விடும். தாண்ட மாட்டேன் அக்கா. இதை உங்கள் முன்னாலும் இயக்குநர் முன்னாலும் சத்தமாகச் சொல்லத்தான் இந்த மேடைக்கு வந்தேன். பின்வரிசையில் இருப்பவர்களுக்கும் கேட்கிறது என்று நினைக்கிறேன்.

முதல் நாள் எந்தக் கவிதை என்பதையும் முடிவு செய்துவிட்டேன். தானியங்கி உங்கள் அறையை ஊரிடமிருந்துதான் துண்டித்தது. என் ஹெட்போனிலிருந்து துண்டிக்கவில்லை. கடைசி வரியை நான் கேட்டேன். கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து, சொல்லாதே என்று நீங்கள் தலையசைத்தீர்கள், நான் யாரிடமும் சொல்லவில்லை. வீட்டில் நேரம் வைத்துப் படித்துப் பார்த்தேன். அந்த நான்கு நொடி நிற்காமல் படித்தால், கடைசி வரியோடு சேர்த்து நிமிடத்துக்குள் அடங்குகிறது.

போன வாரம் உங்களிடம் அனுமதி கேட்டேன்.

"நான் டூட்டியில இருக்கற வரைக்கும் அந்த வரி வெளியே வரக் கூடாது. நிமிஷத்தைத் தாண்டினது நான். தாண்டினவளுக்கு இன்னொரு நிமிஷம் கிடையாது" என்றீர்கள்.

"அப்புறம்?"

"அப்புறம் நானும் ஒரு நேயர். நேயர் கவிதையைப் படிக்கறதும் தள்ளறதும் உன் இஷ்டம்டி."

எங்கள் அக்காவே!

நெடுநாள் நலமாக இருங்கள். காலையில் விருப்பம்போல் தூங்குங்கள் என்று வாழ்த்தத்தான் நினைத்தோம். ஆனால் ஐந்து ஐம்பத்தொன்பதுக்கு மட்டும் எழுந்து வானொலியைத் திறந்துவிடுங்கள். தப்பு இருந்தால் கூப்பிட்டுத் திட்டுங்கள். நின்றுபோன கடிகாரம் எதையும் உள்ளே விடமாட்டேன் என்று உறுதி சொல்கிறேன். பணியாளர்கள் எல்லோரும் கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறோம். கேன்டீன் அண்ணனின் கையெழுத்துக்குப் பக்கத்தில் இருப்பது டீக் கறை, மன்னிக்கவும்.

மேசையில் இருக்கும் பெட்டியில் ஒரு சுவர்க் கடிகாரம் இருக்கிறது. எங்கள் பொறியாளர் நொடி சுத்தமாக நேரம் வைத்துத்தான் கொடுத்தார். பெட்டியை மூடும் முன் நான் அதை மாற்றிவிட்டேன். பிரித்துப் பார்த்ததும் பதினைந்து நிமிடம் தப்பாக இருக்கிறதே என்று மற்றவர்கள் பதறுவார்கள். நீங்கள் பதற மாட்டீர்கள்.

இப்போது எனக்கு எதிரே இருக்கும் கடிகாரத்தில் மணி ஐந்து. உங்கள் பணிக்காலம் முடிந்தது. நீங்கள் இப்போது ஒரு நேயர்.

ஓட்டுநர் அண்ணா, வீட்டில் அண்ணியிடம் சொல்லிவிடுங்கள், நீங்கள் இரண்டு பேருமே தோற்றீர்கள் என்று.

முள்ளைத் தொட்டேன்.
இன்னும் ஐந்து நிமிடம் முன்னே தள்ளிவிட்டு இறங்கினேன்.