வசியத்துக்கு எட்டு வரி

எனக்குத் தொண்டை கட்டாது. இருபது வருடமாக நாளைக்கு ஆறு மணி நேரம் சத்தம் போட்டு வாசிக்கிறேன். ஒருநாளும் வெந்நீர் கேட்டதில்லை. அலுவலகத்தில் என் குரலுக்குத் தாலாட்டு என்று பெயர்.

எங்கள் பதிப்பகத்தில் மெய்ப்புப் பார்ப்பது இரண்டு பேர் வேலை, ஐயா. ஒருவர் கையெழுத்துப் பிரதியை வாசிப்பார். மற்றவர் அச்சுத்தாளில் பென்சிலை ஓட்டிக்கொண்டே வருவார். மாறியிருந்தால் திருத்தி, அடியில் கையெழுத்துப் போடுவார். வாசிப்பவருக்குக் கையெழுத்து கிடையாது. பதினோரு வருடம் நான் வாசித்தேன், அவள் திருத்தினாள். என்னை அண்ணே என்பாள்.

எங்கள் பதிப்பகம் தயாரிக்கும் அகராதியில் வசியம் என்ற சொல் என் பங்குக்கு வந்தது. கேட்டால் மை என்பார்கள், பொடி என்பார்கள். அதெல்லாம் சும்மா. வடமொழி ‘வச’ என்பதுதான் வேர்; நாம் சொல்லும் வசமும் அதுதான். அதற்கு ஆளுகை என்று பொருள், விருப்பம் என்றும் பொருள். ஆக, வசியப்படுகிறவர் தானே விரும்பித்தான் தன்னை ஒப்படைக்கிறார். மூன்று மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு இதை எட்டு வரியில் எழுதினேன்.

அந்த வாரம் அவளை அகராதிக்குத் தலைமைப் பதிப்பாசிரியராக்கினார்கள்; மெய்ப்புக்கு மட்டும் பழையபடி என்னோடுதான் உட்கார்ந்தாள். என் எட்டு வரியை ஒரே வரியாக்கினாள்.

“மீதி உங்க கற்பனைண்ணே. ஆதாரம் எங்க?”

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். எனக்கு வயிறு எரிந்தது, மறைக்கமாட்டேன்.

மறுநாளிலிருந்து ஆதாரம் தேடினேன். பிரதியில் ‘சிறிய’ என்றிருந்ததைப் ‘பெரிய’ என்று வாசித்தேன். சரியாக அச்சாகியிருந்த சொல்லை அடித்துவிட்டுப் பெரிய என்று எழுதினாள், நிமிரவேயில்லை. ஒரு வாரத்தில் ஒன்பது முறை மாற்றினேன், ஒன்பதும் அவள் கையால் தாளில் ஏறின. அவற்றைப் பிறகு நானே சரிசெய்துவிட்டேன். நான் பொறுப்பில்லாதவன் அல்ல.

அப்புறம் செவிலியர்களுக்கான மருந்துக் கையேடு வந்தது. பச்சைக் குழந்தைகளுக்கு வலிப்பு மருந்து, அரை மில்லி. ஐந்து மில்லி என்று வாசித்தேன். பென்சில் நின்றது.

“அஞ்சாண்ணே?”

“அஞ்சுதாம்மா.”

அடித்தாள், எழுதினாள், கையெழுத்துப் போட்டாள். இதை நான் சரிசெய்யவில்லை.

முதல் குழந்தை இறந்த செய்தி வந்த அன்றே வாய் திறந்திருக்கலாம். ஆனால் எங்கள் வேலையில் ஒரு சொல்லின் பொருளை ஏற்க மூன்று சான்று வேண்டும். அச்சில் இருந்ததைச் செவிலியர்கள் அப்படியே கொடுத்தார்களே, அதுவும் வசியம்தான். காத்திருந்தேன். மூன்றாவது, பெயர்கூட வைக்காத பெண் குழந்தை.

அவளை அழைத்துப்போக வந்த போலீஸ்காரர்களிடம், “என் கைதாங்க எழுதுச்சு” என்று மட்டும் சொன்னாளாம். யார் வாசித்தது என்று சொல்லவில்லை. அதற்கப்புறம் யாரோடும் பேசுவதில்லையாம்.

காணவில்லை என்று நீங்கள் தேடிய பிரதி இதுதான். அரை என்றுதான் இருக்கிறது, பாருங்கள். அவளைக் காப்பாற்ற வந்தேன் என்று எழுதிவிடாதீர்கள். உங்கள் அறிக்கையில் கவனக்குறைவு என்று போட்டிருக்கிறீர்கள். அந்தச் சொல் தப்பு. அவள் கவனமாகத்தான் இருந்தாள், நிறுத்திக் கேட்டாள். அதை அடித்துவிட்டு வசியம் என்று எழுதுங்கள். நான் பொய் சொன்னேன், அவள் நம்பினாள், அவ்வளவுதான் என்று உங்களுக்குத் தோன்றலாம். வெறும் பொய்க்காக யாராவது மூன்று குழந்தைகளைக் கொல்வார்களா, ஐயா?