குடியிருந்ததற்கு அத்தாட்சி

— மறுபடியும் படி. நிதானமாப் படி.

— எத்தனை தடவை படிச்சாலும் அதேதாங்க. "குடியுரிமை கோரும் விண்ணப்பதாரர், மேற்படி விலாசத்தில் தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் குடியிருந்ததற்கு அத்தாட்சி ஏதும் இணைக்கவில்லை." நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள குடுக்கணுமாம். இல்லன்னா ஃபைலை மூடிடுவாங்க. திரும்ப முதல்லேர்ந்து அஞ்சு வருஷம்.

— எனக்கா? ஒண்ணு தெளிவாச் சொல்லிடறேன். இந்த வீட்டுக்குத் தலைவன் நான். என் பேர்லதான் இந்தக் குடும்பமே நடக்குது.

— நடக்கறது உங்க பேர்லதான். வாடகை ஒப்பந்தம் என் பேர்ல. கரண்ட் பில், தண்ணி பில், இன்டர்நெட், எல்லாம் என் பேர்ல. துணி துவைக்கற மெஷினோட வாரண்டி கார்டு கூட என் பேர்ல. அதனாலதான் என் ஃபைல் பாஸாயிடுச்சு.

— எல்லாத்தையும் உன் பேர்ல எழுதிக்கச் சொன்னது யாரு?

— நீங்கதான். க்யூல நிக்கறது உங்க தகுதிக்குக் குறைச்சல்னு சொன்னீங்க. அது போகட்டும், அந்த மெஷின் நம்ம வீட்ல எங்க இருக்குன்னாவது தெரியுமா?

— அதெல்லாம் உன் டிபார்ட்மென்ட். பேச்சை மாத்தாதே. என் சம்பளச் சீட்டு இருக்கே!

— இருக்கு. அதுல இன்னும் பழைய வீட்டு விலாசம். மாத்துங்க மாத்துங்கன்னு அஞ்சு வருஷமா கரடியாக் கத்தினேன்.

— ஐயையோ. உறுதிமொழி எடுக்கறதுக்குன்னு கோட்டு வேற தைச்சாச்சு. ஊர்ல அத்தனை பேருக்கும் வாட்ஸப்ல சொல்லியாச்சு. உன் தம்பி தினம் "என்ன அத்தான், ஆயிடுச்சா"ன்னு கேக்கறான்.

— கோட்டு பில் உங்க பேர்ல இருக்கா?

— உன் பேர்லதான் இருக்கு. சிரிக்காதே. ஏதாவது வழி சொல்லு.

— வழி இந்தக் கடுதாசியிலேயே இருக்கு. இந்த நாட்டுக் குடிமகன் ஒருத்தர், இதே கட்டடத்துல இருக்கறவர், சொந்தக்காரர் இல்லாதவர், "இவரை அஞ்சு வருஷமா இங்க பாக்கறேன்"னு கையெழுத்துப் போட்டு, கூட ஏதாவது காகிதம் வெச்சாப் போதும்.

— எதிர் வீட்டுக்காரர்?

— வந்து ஆறு மாசம்தான் ஆகுது.

— நமக்கு மேல?

— மொட்டை மாடிங்க. புறாதான் வந்து கையெழுத்துப் போடணும்.

— அப்போ கீழ் வீட்டுக்காரனா? அந்த பஸ் டிரைவரா? செத்தாலும் மாட்டேன்! சனிக்கிழமை மத்தியானம் மனுஷன் கொஞ்ச நேரம் கண்ணசர முடியுதா? டொம்மு டொம்முன்னு கட்டிலே நடக்குது. அவன்கிட்ட போய் நான் பல்லைக் காட்டணுமா?

— அவரும் நம்ம ஊர்க்காரர்தான், இந்த நாட்டுக் குடியுரிமை வாங்கி பல வருஷமாச்சு. நீங்க போக வேணாம். நானே வரச் சொல்லிட்டேன். அதோ பெல் அடிக்குது. பனியனோட நிக்காம சட்டையைப் போடுங்க.

— வணக்கம் அண்ணே! ரைட்டு, உள்ள வரலாமா?

— வாங்க சார், உக்காருங்க. ஒண்ணு தெளிவாச் சொல்லிடறேன், நான் யார்கிட்டேயும் உதவின்னு கேட்டுப் பழக்கம்...

— தங்கச்சி எல்லாம் சொல்லிடுச்சு அண்ணே. நீங்க இங்க இருந்ததுக்கு அத்தாட்சிதானே? இந்தாங்க ஃபைலு.

— என்னது இது, தலைகாணி கணக்கா?

— நீங்க என் மேல குடுத்த புகார்தான். மொத்தம் எழுபத்தி மூணு. குடிவந்த ரெண்டாவது வாரம் ஆரம்பிச்சு, போன வாரம் வரைக்கும். ஒவ்வொண்ணுலயும் உங்க பேரு, கதவு நம்பர், தேதி, கையெழுத்து. கட்டட ஆபீஸ்ல சீல் குத்தி எனக்கு ஒரு காப்பி அனுப்புவாங்க. ஒண்ணைக்கூடத் தூக்கிப் போடல.

— எழுபத்தி மூணா? அவ்ளோவா எழுதினேன்?

— ஒண்ணு படிக்கறேன் கேளுங்க. "மேன்மை தங்கிய நிர்வாகத்தின் மேலான கவனத்திற்கு. நேற்றுப் பிற்பகல் இரண்டு மணி பத்து நிமிடத்திற்குக் கீழ்த்தளத்திலிருந்து கிளம்பிய பேரதிர்வினால், எனது மூக்குக்கண்ணாடி மேசையின் விளிம்பு வரை தானாகவே நடந்து சென்றது." அடடா! என்ன நடை அண்ணே!

— கிண்டல் பண்றீங்களா?

— சத்தியமா இல்ல. புதுக் கடுதாசி வந்தா எங்க வீட்ல டிவியை அணைச்சுட்டு எல்லாரும் உக்காந்து கேப்போம். ஒரு மாசம் வரலைன்னா பசங்க, "மாடி மாமாவுக்கு உடம்பு சரியில்லையா"ன்னு கேக்குதுங்க.

— கேட்டீங்களாங்க? உங்க எழுத்துக்கு ஒரு குடும்பமே ரசிகர்.

— ம்... அந்த மூக்குக்கண்ணாடி வரி எனக்கே பிடிச்சதுதான். சரி சார், ஃபாரத்துல "விண்ணப்பதாரரின் குணம்"னு ஒரு கட்டம் இருக்கே. அதுல என்ன எழுதப் போறீங்க?

— எழுதியே கொண்டாந்துட்டேன். "விடாமுயற்சி உடையவர். நிர்வாகத்தின் மீது அசையாத நம்பிக்கை கொண்டவர். ஐந்து ஆண்டுகளில் எந்தச் சனிக்கிழமையும் வீட்டைவிட்டு நகர்ந்ததாகத் தெரியவில்லை." ரைட்டா அண்ணே?

— ரைட்டு... ரைட்டு சார். உங்களை நான் என்னமோன்னு நினைச்சிருந்தேன். மனசுல வெச்சுக்காதீங்க. ஆனா ஒண்ணு மட்டும் புரியல. இவ்ளோ தங்கமான மனுஷன், அந்தச் சத்தத்தை மட்டும் ஏன் நிறுத்தல?

— அது எங்க வீட்டுச் சத்தமே இல்லையே அண்ணே. சனிக்கிழமைன்னா எனக்குக் காலையிலேர்ந்து ராத்திரி வரைக்கும் டூட்டி. வீட்டுக்காரி பசங்களை நீச்சலுக்குக் கூட்டிட்டுப் போயிடுவா. வீடு பூட்டியே கிடக்கும். முதல் வருஷமே தங்கச்சிகிட்ட சொன்னேனே?

— உன்கிட்ட சொன்னாரா? அப்போ டொம்மு டொம்முன்னு அதிர்றது யாரு?

— நம்ம துணி துவைக்கற மெஷின்தாங்க. பின்பக்க பால்கனியில நிக்குது. ஒரு கால் குட்டை. வாரா வாரம் சனிக்கிழமை உங்க சட்டைங்கதான் உள்ள குதிக்குது.

— அடிப்பாவி! தெரிஞ்சுமா அஞ்சு வருஷம் வாயை மூடிட்டு இருந்தே?

— ஒரு அட்டையை மடிச்சு அந்தக் காலுக்கு அடியில சொருகியிருந்தா அன்னிக்கே சத்தம் நின்னிருக்கும்; ஆனா இந்த வீட்டுலேர்ந்து உங்க பேர் போட்டுப் போற ஒரே காகிதமும் நின்னு போயிருக்குமேங்க!