மேற்கு மூலைக் கதிர்

– இந்தக் கதிரை எங்க பறிச்சீங்க?

– எங்க பறிப்பேன்? நம்ம வயல்லதான். கடிச்சுப் பாரு, மணி எவ்வளவு கெட்டி!

– ம்ம்... நல்லாத்தான் இருக்கு.

– பாத்தியா? நீதான் எல்லாம் பதராப் போச்சுன்னு ஒப்பாரி வைக்கிற.

– சரி... என் கையில இருக்கிற இதையும் நசுக்குங்க.

– இது... ஒண்ணு ரெண்டு அப்படித்தான் இருக்கும்.

– ஒண்ணு ரெண்டா? காலையில வயலைச் சுத்தி வந்தேன். கை வச்ச இடமெல்லாம் வெறும் உமி. ஏன் மறைச்சீங்க?

– நீ தாங்க மாட்டேன்னு...

– போன வருஷம் அறுக்கற நேரத்துல பேய்மழை. கதிரெல்லாம் வயல்லயே முளை விட்டுச்சு. தாங்கலையா நான்?

– அதுக்கு முந்தின வருஷம் மூட்டை வைக்க இடமில்லாம கட்டில் மேல அடுக்கினோமே...

– நீங்க தரையில படுத்தீங்க. உங்க குறட்டைக்கு ஒரு எலிகூட வரல.

– சிரிக்காதடி. இப்பல்லாம் எந்த வருஷம் என்ன ஆகும்னு எவனுக்கும் தெரியல. சரியா பூக்கற வாரம் பாத்து அந்த வெயில்... வாய்க்காலும் வத்திப்போச்சு. பேசாம நிலத்தைக் குத்தகைக்கு விட்டுட்டு டவுனுக்குப் போயிடலாம்.

– முடியாது.

– அப்ப எதை விதைப்ப? பதரையா?

– நீங்க காட்டின கதிரை. மேற்கு மூலையிலதானே பறிச்சீங்க?

– ...ஆமா.

– அது உங்க விதையே இல்ல.

– பின்ன?

– எங்க அக்கா குடுத்த விதை. குட்டைப் பயிர்னு கேலி பண்ணி வேணாம்னீங்களே, அதேதான். அந்த மூலையில மட்டும் உங்களது முளைக்கல. நீங்க சந்தைக்குப் போன அன்னிக்குத் தூவிட்டேன். அது விடியும்போதே பூக்கும். வெயில் ஏறுறதுக்குள்ள பூ மூடிடும்.

– அடிப்பாவி!

– திட்டிக்கோங்க. ஆனா அதுல ஒரு மணியைக்கூட சோத்துக்கு எடுக்க விடமாட்டேன். அத்தனையும் விதைக்குத்தான். அடுத்த தடவை பாதி வயல் என்னுது, பாதி உங்களுது. ஒண்ணு கவுத்தாலும் இன்னொண்ணு நிக்கும்.

– அதுவரைக்கும் சாப்பாடு?

– கூலிக்குப் போவோம். கை கால் நல்லாத்தானே இருக்கு?

– சரி... வாய்க்கால் வத்தினப்ப உன் மூலைக்கு மட்டும் எப்படித் தண்ணி வந்துச்சு?

– பள்ளமான இடம்... ஈரம் நின்னிருக்கும். அது இருக்கட்டும், டவுனுக்குப் போற பேச்சை விடறீங்களா இல்லையா?

– நீ என்ன சொல்றேன்னு பாக்கத்தாண்டி கேட்டேன். குட்டையா வளந்தப்பவே அது உங்க அக்கா விதைன்னு எனக்குத் தெரியும். டவுனுக்குப் போறவனா கிணத்துலருந்து குடம் குடமா சுமந்து ஊத்துவான்?